அலுமினாவும் சுண்ணாம்பும்

உலோகங்களை உருக்கும் உலைகளுக்கு உட்சுவராக நிற்கத் தகுதியுள்ள பதார்த்தங்களை ஒருவர் வரிசைப்படுத்த முற்பட்டால், அலுமினாவுக்கும் சுட்ட சுண்ணாம்புக்கும் அந்த வரிசையின் தலைப்பக்கத்திலேயே இடம் கொடுக்க வேண்டியிருக்கும். இரும்பு 1538 டிகிரி சென்டிகிரேடிலும் பிளாட்டினம் 1768 டிகிரியிலும் உருகிவிடுகின்றன. அலுமினாவோ சுமார் 2050 டிகிரி வரையில் அசைந்துகொடுப்பதில்லை. சுண்ணாம்பு அதையும் மிஞ்சி, ஏறத்தாழ 2600 டிகிரிக்கு அருகில்தான் உருகுகிறது. இப்படித் தனித்தனியே அக்கினியை அலட்சியம் செய்கிற இவ்விரண்டையும் பொடித்து, ஏறக்குறையச் சம எடையாகக் கலந்து, ஒரே மூசையில் இட்டுச் சூடேற்றினாலோ, 1400 டிகிரியைச் சுற்றிய உஷ்ணத்திலேயே அந்தக் கலவை இளகி ஓடத் தொடங்கிவிடுகிறது.

இந்த விசித்திர சுபாவத்தை அறியாமல் உலை கட்டியவர்கள் நஷ்டப்பட்டார்கள்; அறிந்து, அளவு தெரிந்து உபயோகித்தவர்கள் ஒரு புதிய தொழிலையே உண்டாக்கினார்கள். அலுமினாவைக் கொண்டு தீச்செங்கல்லும் மூசையும் உலைப்பூச்சும் செய்கிற தொழிலின் நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம், பெரும்பாலும், அதில் சுண்ணாம்பை எவ்வளவு அனுமதிக்கலாம், எந்த இடத்தில் அனுமதிக்கலாம் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளின் சரித்திரமே. கூடை கூடையாகக் கொட்டிய காலத்திலிருந்து, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எண்ணிப் பார்க்கிற காலம் வரையில் அந்த விடை படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது.

முதல் விடை பாரிஸ் நகரத்தில் கிடைத்தது. அங்கே எகோல் நார்மாலில் ரசாயனம் போதித்துவந்த ஆன்றி சேன்ட்-கிளேர் டெவில் என்பவர், 1854-ஆம் ஆண்டில், அலுமினியம் குளோரைடிலிருந்து சோடியத்தின் உதவியால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைச் சீர்செய்து, அதுவரையில் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குப்பிகளுக்குள் ஓர் அபூர்வ வஸ்துவாக அடங்கிக் கிடந்த அந்த உலோகத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர். மிக உயர்ந்த உஷ்ணங்களை உண்டாக்குவதும், அவற்றைத் தாங்கக்கூடிய பாத்திரங்களைத் தேடுவதும் அவருடைய ஆயுட்காலப் பணியாகவே இருந்தன என்று சொல்லலாம். செவ்ர் நகரத்துப் பீங்கான் ஆலையை நிர்வகித்த எபெல்மன், சலவைக்கல்லையும் அலுமினாவையும் சேர்த்துச் சுட்டுக் கால்சியம் அலுமினேட் என்ற சேர்மத்தை 1848-இலேயே தயாரித்திருந்தார். டெவில் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். அலுமினாவும் சுண்ணாம்பும் சேர்ந்து உருகிய பொருளை ஆறவைத்துப் பொடித்து, அதை, அலுமினாவின் ஸ்படிக வடிவமான குருந்தக்கல்லின் பொடியோடு கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து மூசையாக வனைந்தால், அது சிமெண்டைப்போலத் தானாகவே இறுகிக்கொள்கிறது என்பதையும், இறுகிய மூசை பிறகு மிக உக்கிரமான தீயிலும் உருவம் குலையாமல் நிற்கிறது என்பதையும் 1856-இல் அவர் வெளியிட்டார். அலுமினாவைத் தளமாகவும் கால்சியத்தைப் பசையாகவும் கொண்ட தீத்தாங்கிப் பொருள் என்ற எண்ணத்துக்கு அதுவே ஆதி.

இதே டெவில், தம் நண்பர் தெப்ரேயுடன் சேர்ந்து, பிளாட்டினத்தை உருக்குவதற்குச் சுண்ணாம்புக் கட்டியையே குடைந்து உலையாக்கினார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. இரண்டு சுண்ணாம்புக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, நடுவே குழி செய்து, மேலிருந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்த சுவாலையை இறக்குவார்கள். பிளாட்டினத்திலுள்ள அழுக்குகளில் பலவற்றை அந்தச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். மீட்டர் அளவுகோலுக்கு மூலப்பிரதி செய்வதற்காக 1874-இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த 250 கிலோ உலோகம் உருக்கப்பட்டபோது, அதுவும் சுண்ணாம்பு உலையில்தான் உருக்கப்பட்டது. ஆக, சுண்ணாம்பு தனித்து நின்றால் சுவர், அலுமினாவோடு கூடினால் பசை என்ற இரு குணங்களையும் ஒரே மனிதர் தம் கையாலேயே பரீட்சித்து அறிந்திருந்தார். ஆனால் அந்தப் பசை ஏன் தீயில் உருகிப் போகவில்லை என்பதை விளக்குவதற்கு வேண்டிய சாஸ்திரம் அவர் காலத்தில் பிறந்திருக்கவில்லை.

பின்னால் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்த விஷயம் ஆய்வுக்கூடத்துப் புதுமையாகவே உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியது, விந்தையாக, உலைத்தொழில் அல்ல, ரயில்வே. தென் பிரான்ஸில் ஜிப்ஸம் கலந்த மண்ணில் போட்ட பாதைகளிலும் சுரங்கங்களிலும் சாதாரணப் போர்ட்லண்ட் சிமெண்டால் கட்டிய சுவர்கள் சில வருஷங்களிலேயே வீங்கி, உதிர்ந்து, சேறாகிக்கொண்டிருந்தன. நிலத்தடி நீரிலுள்ள கந்தக உப்புகள் சிமெண்டைத் தின்றுவந்தன. ரோன் நதிக்கரையில் லெ தெய் என்ற ஊரில் லஃபார்ஜ் கம்பெனியார் சுண்ணாம்புச் சூளைகள் நடத்திவந்தார்கள். 1864-இல் சூயஸ் கால்வாய் வேலைக்காக 1,10,000 டன் சுண்ணாம்பு அனுப்ப ஒப்பந்தம் பெற்ற ஸ்தாபனம் அது. அவர்களுடைய ஆய்வுக்கூடத்தை நடத்திய ழ்யூல் பியே, சுண்ணாம்பைக் குறைத்து அலுமினாவைப் பெருக்கினால் கந்தக உப்புகள் தீண்டாத சிமெண்டு கிடைக்கும் என்று ஊகித்து, சுண்ணாம்புக்கல்லையும் பாக்சைட்டையும் கூட்டி உருக்கி, 1908-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பாக்சைட் என்ற கனிஜத்தை 1821-இல் பெர்த்தியே முதன்முதலாக ஆராய்ந்து அறிந்ததும் அதே தென் பிரான்ஸில், லெ போ என்ற கிராமத்தில்தான் என்பதால், பியேவுக்கு மூலப்பொருள் வெகுதூரத்திலிருந்து வரவேண்டியிருக்கவில்லை.

அந்தச் சிமெண்டு கருநிறமானது. அலுமினா நூற்றுக்கு நாற்பது, சுண்ணாம்பும் அதற்குச் சற்றே குறைவு, மிச்சத்தில் பெரும்பகுதி இரும்பு ஆக்ஸைடு என்பது அதன் பொதுவான அமைப்பு. கந்தக உப்புகளுக்கு மாற்றாகத் தேடப்போன அதில் எதிர்பாராத மற்றொரு குணம் தென்பட்டது: சாதாரணச் சிமெண்டு 28 நாளில் அடைகிற பலத்தை அது ஒரே நாளில் அடைந்துவிட்டது. முதல் உலக யுத்தத்தில் பீரங்கி மேடைகளை இரவோடு இரவாக அமைக்க வேண்டியிருந்த பிரெஞ்சு ராணுவத்துக்கு இதைவிட உகந்த சிமெண்டு கிடைத்திருக்க முடியாது. யுத்தம் முடிந்த 1918-இல்தான் ‘சிமான் ஃபோந்தியு’ என்ற பெயரோடு அது பொதுஜன வியாபாரத்துக்கு வந்தது.

அவசரத்துக்கு உதவுகிற அந்தக் குணத்தின் பின்விளைவு வெகுகாலம் கழித்தே வெளிப்பட்டது. இந்தச் சிமெண்டு முதலில் இறுகும்போது உண்டாகிற நீர்ச்சேர்மங்கள் நிலையற்றவை. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் அவை காலப்போக்கில் வேறு அடர்ந்த சேர்மமாக மாறி, கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச்செல்கின்றன. இங்கிலாந்தில் 1973-இல் கேம்டனில் ஒரு பெண்கள் பள்ளியின் கூரையும், 1974-இல் ஸ்டெப்னியில் ஒரு பள்ளியின் நீச்சல்குளத்துக் கூரையும் இடிந்து விழுந்த பிறகு, வீடு கட்டுகிற வேலையில் அதற்கிருந்த மதிப்பு அந்நாட்டில் அடியோடு போய்விட்டது. உலை கட்டுகிறவர்களை இந்த அபகீர்த்தி பாதிக்கவில்லை. ஏனெனில் அவர்கள் அந்த நீர்ச்சேர்மங்களை எப்படியும் எரித்து விரட்டிவிடப் போகிறவர்கள்.

உலைக்காரர்கள் கைக்கு அது வந்தது 1920-களில். உடைந்த தீச்செங்கல்லை ஜல்லியாக நொறுக்கி, மணலுக்குப் பதிலாக அதைப் போட்டு, இந்தச் சிமெண்டைக் கூட்டிக் குழைத்தால், எந்த வடிவத்திலும் உலைச்சுவரை நேராக ஊற்றிவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். செங்கல்லுக்கு அச்சு வேண்டாம், சூளை வேண்டாம், இணைப்புக் கோடுகளின் வழியே தீ நுழையும் என்ற பயமும் வேண்டாம். உலை தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். காஸ்டபிள் என்று இன்று தொழிலாளர் அனைவரும் சொல்கிற சரக்கின் பிறப்பு இதுதான்.

காஸ்டபிள் ஊற்றுகிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், விஞ்ஞானத்துக்கும் கைப்பழக்கத்துக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். கலவை இயந்திரத்தில் முந்தின நாளைய போர்ட்லண்ட் சிமெண்டு ஒரு பிடி ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், ஊற்றுவதற்குள் சரக்கு கட்டிப்போய்விடும்; ஆகையால் மேஸ்திரி முதலில் இயந்திரத்தைக் கழுவச் சொல்வார். தண்ணீரை அளந்து விட்டு, சில நிமிஷம் கலக்கிய பிறகு, ஒரு பிடி எடுத்து உருண்டையாக்கி, ஒரு சாண் உயரம் மேலே போட்டுக் கையில் பிடிப்பார். உருண்டை பிளந்து உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. விரலிடுக்கில் வழிந்தால் தண்ணீர் அதிகம். உள்ளங்கையில் சற்றே அமுங்கி, உடையாமல் படிந்தால் பதம். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணயச் சங்கமே இந்த உருண்டைப் பரீட்சையைத் தன் விதிகளில் முறைப்படி எழுதி வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவரையில், இவ்வளவு எளிய உபாயத்தை இவ்வளவு கௌரவத்தோடு ஏற்றுக்கொண்ட தொழிற்சாஸ்திரம் வேறில்லை.

ஊற்றிய சுவர் ஒரு நாள் இறுகியதும் தீமூட்டத் தொடங்குகிறார்கள். சுண்ணாம்பின் உண்மையான நாடகம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. முதலில் ஓட்டைகளிலுள்ள நீர் ஆவியாகும்; இருநூறு டிகிரியைத் தாண்டியதும் சிமெண்டு தன்னோடு பிணைத்துக்கொண்டிருந்த நீரும் விடுபடத் தொடங்கும். உஷ்ணத்தை அவசரமாக ஏற்றினால், வெளியேற வழி கிடைக்காத நீராவி சுவரையே பெயர்த்து எறிந்துவிடும் என்பதால், இந்தக் கட்டத்தில் தீயை மணிக்கு இத்தனை டிகிரி என்று அளந்தே ஏற்றுவார்கள். நீர் முழுவதும் போன பிறகு, சுமார் 800 முதல் 1100 டிகிரி வரையில் சுவருக்கு ஒரு பலவீன தசை. தண்ணீரால் உண்டான பிணைப்பு அழிந்துவிட்டது. தீயால் உண்டாக வேண்டிய பிணைப்பு இன்னும் பிறக்கவில்லை. அதையும் கடந்தால், சிமெண்டிலுள்ள கால்சியம் பக்கத்திலுள்ள அலுமினாத் துகள்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு அலுமினா என்றிருந்த சேர்மம் முதலில் இரு பங்கு அலுமினாவுள்ள சேர்மமாகிறது. 1400 டிகிரியை நெருங்கும்போது ஆறு பங்கு அலுமினாவுள்ள ஹெக்ஸா அலுமினேட் ஆகிறது. இந்தக் கடைசிச் சேர்மம் 1800 டிகிரிக்கு மேல்தான் சிதைந்து உருகும். அலுமினாவை உருக்க வந்த சுண்ணாம்பு, தன்னைச் சுற்றிலும் போதிய அலுமினா இருக்குமானால், ஓடி ஒழுகாமல் அலுமினாவுக்கே அடங்கிப்போகிறது. டெவிலின் மூசை நின்றதற்குக் காரணம் இதுதான். பசை குறைவு, குருந்தக்கல் அதிகம்.

சிலிக்கா மட்டும் குறுக்கிட்டால் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. வாஷிங்டனில் கார்னெகி ஸ்தாபனத்தின் பூபௌதிக ஆய்வுக்கூடத்தில் ராங்கினும் ரைட்டும் பல்லாயிரம் சூடேற்றல்களின் பலனைத் திரட்டி 1915-இல் வெளியிட்ட சுண்ணாம்பு-அலுமினா-சிலிக்கா முக்கோணப் படம், சிமெண்டுக்காரருக்கும் பாறை ஆராய்வோருக்கும் மட்டுமன்றி, உலைக்காரருக்கும் நூற்றாண்டு காலம் பஞ்சாங்கமாக இருந்துவந்திருக்கிறது. மூன்று ஆக்ஸைடுகளும் ஒன்றுகூடினால் 1170 டிகிரியிலேயே உருகுகிற மூலை ஒன்று அதில் இருப்பதைக் கண்டவர்கள், பழைய தீச்செங்கல்லில் களிமண்ணின் வாயிலாக வருகிற சிலிக்காவும், சிமெண்டின் வாயிலாக வருகிற சுண்ணாம்பும் சந்திக்கும்போது உண்டாகிற அனார்த்தைட், கெலினைட் என்ற சேர்மங்களே உலைச்சுவரைச் சூட்டில் இளகச் செய்பவை என்பதைப் புரிந்துகொண்டார்கள். நூறு பேரின் அனுபவத்தில் சிதறிக் கிடந்ததை அந்தப் படம் ஒரே தாளில் ஒழுங்குபடுத்திவிட்டது. ஆனாலும் அது பூரணமானதல்ல. மேலே சொன்ன ஆறு பங்கு அலுமினாச் சேர்மத்துக்கு 1915-ஆம் ஆண்டுப் படத்தில் இடமே கிடையாது. பிற்காலத்தவர்தான் அதைச் சேர்த்தார்கள்.

அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டைச் சில வாக்கியங்களில் கடந்துவிடலாம். முதலில் பாக்சைட்டைத் தள்ளிவிட்டு, பாயர் முறையில் சுத்தி செய்த அலுமினாவைக் கொண்டு எழுபது, எண்பது சதவிகித அலுமினாவுள்ள வெள்ளைச் சிமெண்டுகளைச் செய்தார்கள். இரும்பும் சிலிக்காவும் இவ்வாறு விலகின. பிறகு சிமெண்டின் அளவையே குறைக்க முற்பட்டார்கள்.

இந்த இரண்டாவது காரியம் சுலபமானதல்ல. சிமெண்டைக் குறைத்தால் ஊற்றிய சுவர் இறுகுவது எப்படி? 1969-இல் பிரான்ஸில் எடுக்கப்பட்ட ஒரு காப்புரிமை அதற்கு விடை தந்தது. சிமெண்டுத் துகளைக் காட்டிலும் பன்மடங்கு நுண்ணிய தூள்களை இடைவெளிகளில் நிரப்பி, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் சொற்ப அளவு கலைப்பானையும் சேர்த்துவிட்டால், தண்ணீரும் பாதியாகக் குறைகிறது, சிமெண்டும் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகிறது, சுவரின் அடர்த்தியோ கூடுகிறது. பழைய காஸ்டபிளில் பதினைந்து முதல் முப்பது சதவிகிதம் வரை சிமெண்டு இருந்த நிலை மாறி, ஐந்து சதவிகிதமும் அதற்குக் குறைவும் போதும் என்றாயிற்று. உருக்காலைகளின் வார்ப்புக் கலயங்கள் 1970-களிலும் 80-களிலும் இந்தச் சரக்குக்கு மாறத் தொடங்கியதன் ரகசியம் இதுவே. ஒரு தொல்லை மாத்திரம் கூடவே வந்தது: சுவர் அடர்த்தியானதால் நீராவிக்கு வழி இல்லாமல் போய், முதல் சூடேற்றத்தில் வெடிக்கும் அபாயம் அதிகரித்தது. மெல்லிய பாலிபுரொப்பிலீன் இழைகளைக் கலவையில் தூவிவிடுகிறார்கள். அவை நூற்றறுபது டிகிரிக்குச் சற்று மேலே உருகி மறைந்து, நீராவி போக நுண்குழாய்களை விட்டுச்செல்கின்றன. நெருப்பை எதிர்த்து நிற்கவேண்டிய சுவருக்குள் வேண்டுமென்றே எரிந்துபோகிற பொருளைப் போடுவது எவ்வளவு சாமர்த்தியமான யோசனை!

இதுவரையில் பேசியது, தண்ணீரும் சிமெண்டும் துணை நிற்கிற முரட்டுச் சரக்கைப் பற்றி. சிமெண்டே இல்லாமல், சுத்தமான அலுமினாப் பொடியை அழுத்தி, உருகாத உஷ்ணத்திலேயே சுட்டு இறுகச் செய்கிற நுட்பமான கிளையும் ஒன்றுண்டு. ஜெர்மனியில் சீமென்ஸ் கம்பெனியார் 1930-ஐ ஒட்டி மோட்டார் இயந்திரங்களின் ஸ்பார்க் பிளக்குகளுக்காக இதை வளர்த்தார்கள். பொடித்துகள்கள் தொடுமிடங்களில் அணுக்கள் மெல்ல நகர்ந்து கழுத்தாகத் தடிக்கின்றன. இடைவெளிகள் சுருங்கித் துளைகளாகின்றன. ஸ்படிக மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளின் வழியே அந்தத் துளைகளும் வடிந்து மறையவேண்டும். எல்லை துளையை விட்டு விலகி ஓடிவிட்டாலோ, துளை மணிக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சுட்டாலும் அது போகாது. எனவே இந்தக் கலையில் வெற்றி தோல்வி எல்லாம் எல்லைகளின் வேகத்தைப் பொறுத்தவை.

நியூயார்க் மாநிலத்தில் ஷெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் கோபிள், அலுமினாவில் கால் சதவிகிதத்தை ஒட்டிய மக்னீஷியாவைச் சேர்த்து, ஹைட்ரஜன் சூழலில் சுட்டபோது, துளைகள் யாவும் ஒழிந்து, ஒளி ஊடுருவுகிற பீங்கான் கிடைத்தது. லூக்கலாக்ஸ் என்ற அந்தப் பொருளுக்கு 1962 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. சூடான சோடியம் ஆவி கண்ணாடியை அரித்துவிடும், இதை அரிக்க மாட்டாது; ஆதலால் 1960-களின் மத்தியில் உயர் அழுத்த சோடியம் விளக்கு சாத்தியமாயிற்று. உலகெங்கும் நகர வீதிகளில் நாற்பது ஐம்பது வருஷம் பொன்மஞ்சள் ஒளி பரப்பிய விளக்குகளின் உட்குழல் இந்த அலுமினாதான்.

மக்னீஷியா என்ன செய்கிறது என்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. அந்த வாதத்தின் நடுவில்தான் கால்சியத்தின் மீது சந்தேகம் விழுந்தது. மக்னீஷியா சேர்க்காத அலுமினாவைச் சுட்டு, மெருகேற்றி, உருப்பெருக்கியில் பார்த்தால், சிறு மணிகளின் கூட்டத்துக்கிடையே நீண்டு தட்டையான ராட்சத மணிகள் சில, தம் பக்கங்களை நேர்க்கோடாக நீட்டி, அண்டை அயலை விழுங்கி நிற்பதைக் காணலாம். அவற்றின் வயிற்றுக்குள் அடைபட்ட துளைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். உடைந்த பரப்பில் மேலே உள்ள சில அணு அடுக்குகளை மட்டும் சோதிக்கிற ஓஜே நிறமாலைக் கருவி 1970-களில் கைக்கு வந்ததும், மொத்தப் பொருளில் இருப்பதாகவே தெரியாத கால்சியம் மணி எல்லைகளில் குவிந்து கிடப்பது வெளிப்பட்டது. காரணம் அதன் பருமன். கால்சிய அயனியின் ஆரம் அலுமினிய அயனியினுடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அலுமினா ஸ்படிகத்துக்குள் அதற்கு இடம் கிடைப்பதில்லை, எல்லைக்குத் துரத்தப்படுகிறது.

இதிலிருந்து ஒரு விசித்திரமான பலன் கிடைக்கிறது. மணிகள் வளர வளர எல்லைகளின் மொத்தப் பரப்பு குறைகிறது. அதே கால்சியம் மேன்மேலும் குறுகிய இடத்தில் நெருங்குகிறது. ஒரு வரம்பைத் தாண்டியதும், குறிப்பாகச் சிலிக்காவும் கூட இருந்துவிட்டால், எல்லையில் மெல்லிய கண்ணாடிப் படலம் உண்டாகி, சில மணிகள் திடீரென்று ஓட்டம் பிடிக்கின்றன. ஆரம்பத்தில் சாதுவாக இறுகிவந்த பீங்கான் கடைசி நேரத்தில் கெட்டுப்போவது இதனால்தான். கொரியாவைச் சேர்ந்த பே, பைக் என்ற ஆராய்ச்சியாளர் 1993-இல் மிகமிகச் சுத்தமான அலுமினாவை எடுத்து, வெளி அழுக்கு எதுவும் ஒட்டாதபடி காத்துச் சுட்டுப் பார்த்து, கால்சியமும் சிலிக்காவும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்குமானால் ராட்சத மணிகள் தோன்றுவதே இல்லை என்று நிரூபித்தார்கள். கால்சியத்துக்கு அந்த அளவு, பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு. அதற்கு முன்பே, 1989-இல், கோபிள் தம் சகாக்களோடு எழுதிய கட்டுரையில், மக்னீஷியா இந்த அழுக்குகளின் விஷமத்தைத் தணித்துச் சமன்செய்வதே அதன் முக்கிய சேவை என்ற கருத்தை முன்வைத்திருந்தார். எல்லையில் உண்டாகிற இத்தகைய நிலைகள் ஒன்றல்ல, ஆறு என்று லீஹை பல்கலைக்கழகத்தில் டில்லனும் ஹார்மரும் 2007-இல் வகைப்படுத்தினார்கள்.

இவ்வளவு சொற்பக் கால்சியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கிருந்து வராது என்றுதான் திருப்பிக் கேட்கவேண்டும். பாயர் முறையிலேயே சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூர் ஆலையில் அலுமினா எடுத்த நாளிலும் அடிப்படை முறை இதுவே. பொடியை நீர்விட்டு அரைத்தால் தண்ணீரிலுள்ள கால்சியம் சேரும். உலையின் சுவரிலிருந்து ஆவியாக வந்து படியும். கடினநீர் ஊரில் இருந்துகொண்டு நுட்பமான அலுமினாப் பீங்கான் செய்ய விரும்புகிறவர், உலைக்கு முன்னால் தண்ணீரைத்தான் கவனிக்கவேண்டும்.

சுண்ணாம்பு என்றால் அலுமினாவுக்கு விரோதி என்று இதைக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. உருக்காலைகளில் அலுமினியம் போட்டு ஆக்ஸிஜனை நீக்கும்போது உண்டாகிற அலுமினாத் துகள்கள் திரவ எஃகில் திடமாகவே மிதந்து, வார்ப்புத் துவாரங்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். அவற்றை இளக்கி ஓடவிடுவதற்காக 1970-களிலிருந்து கால்சியத்தையே எஃகில் செலுத்துகிறார்கள். உலைச்சுவரை அழிக்கிற அதே உருகல்தான் அங்கே அடைப்பை நீக்குகிறது. அளவு மீறினாலோ, அலுமினாவால் செய்த அந்தத் துவாரத்தையே அது கரைத்துவிடுகிறது.

ஆறு பங்கு அலுமினாச் சேர்மத்தின் மதிப்பும் நாளடைவில் உயர்ந்தது. அது இயற்கையில் கிடைப்பது 1956-இல் தெரியவந்தது. மடகாஸ்கரில் ஹிபோன் என்பவர் கண்டெடுத்த கருநிறக் கனிஜத்துக்கு அவர் பெயரையே சூட்டி ஹிபோனைட் என்றார்கள். 1969-இல் மெக்ஸிகோவில் அயெந்தே என்ற இடத்திலும் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசனிலும் விழுந்த விண்கற்களில் அதே கனிஜம் காணப்பட்டது. சூரிய மண்டலம் உருவான காலத்தின் முதல் திடப்பொருள்களில் அது ஒன்று. அதன் ஸ்படிகங்கள் தட்டைத் தகடுகளாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், உலைச்சுவர் பிளவுபடாமல் சூட்டைத் தாங்குகிறது. தகடுகளுக்கிடையே உள்ள நுண்துளைகள் வெப்பம் வெளியே கசியாமல் தடுக்கின்றன. அலுமினாச் சுவரைக் கசடு அரிக்கும்போதுகூட, இடையில் இந்தச் சேர்மம் ஒரு படலமாகப் படிந்து அரிப்பைத் தாமதப்படுத்துவதுண்டு. ஆனால் அது உருவாகும்போது கனபரிமாணம் பெருகுவதால், அதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளாத சுவர் வீங்கி வெடிக்கும்.

இன்று காஸ்டபிள்களுக்குப் பெயர் வைப்பதே அவற்றிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டுதான்: கால்சியம் ஆக்ஸைடு நூற்றுக்கு 2.5-க்கு மேலிருந்தால் சாதாரண ரகம், ஒன்றிலிருந்து 2.5 வரையில் குறைந்த சிமெண்டு ரகம், 0.2-லிருந்து ஒன்று வரையில் மிகக்குறைந்த சிமெண்டு ரகம், 0.2-க்குக் கீழே சிமெண்டில்லா ரகம். உலைக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் விற்பனையாளரின் தாளில் அலுமினா எத்தனை சதவிகிதம் என்ற பெரிய எழுத்தைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல், அடியிலுள்ள கால்சியம் ஆக்ஸைடு வரியையும் சிலிக்கா வரியையும் சேர்த்து வைத்துப் படிக்கவேண்டும். உலை 1500 டிகிரிக்கு மேல் ஓடுவதாயிருந்தால், அந்த இரண்டு எண்களில் ஒன்றாவது மிகச் சிறியதாக இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.